யானைப்புல்லுக்கு மானியமா? கரணைக்குப் பணம் கட்டுமுன் கொஞ்சம் பொறுங்கள் அண்ணாச்சி

மூலைக்கரைப்பட்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: ஆறு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு போர்வெல். இரண்டு ஏக்கரை உடைமரம், அதாவது சீமைக்கருவேலம், அடைத்துக்கொண்டது. மீதியில் மழையை நம்பி உளுந்து, கிணறு கைகொடுத்தால் கொஞ்சம் நெல். போன மாதம் காரில் இரண்டு பேர் வந்து, "இந்தப் பக்கம் எரிவாயு ஆலை வருது, யானைப்புல் போடுங்க, கிலோ மூணு ரூபாய்க்கு நாங்களே எடுத்துக்கிடுதோம், நடவுச் செலவுல பாதியை அரசாங்கம் மானியமா உங்க கணக்குல போட்டுரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஏக்கருக்குப் பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், நடுகிற தண்டுத் துண்டு, அதாவது கரணை, ஒன்று இரண்டரை ரூபாய். இங்கிலாந்தில் இருக்கும் மச்சினரிடம் போனில் கேட்டால் அவரும், "ஆமா, இங்க எரிக்கிறதுக்குப் புல் வளர்த்தா கவர்ன்மெண்டே காசு கொடுக்குது" என்றாராம். நாலு ஏக்கரில் போடலாமா, மானியத்துக்கு எந்த ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

அண்ணாச்சி, எந்த ஆபீஸுக்கும் அலைய வேண்டாம். எரிவாயுவுக்காகப் புல் வளர்க்கிற விவசாயிக்கு நடவுச் செலவில் பாதியைக் கொடுக்கும் மானியம் நம் ஊரில் கிடையாது. மாட்டுத் தீவனத்துக்குப் புல் போட கால்நடைத் துறையில் அவ்வப்போது உதவி வரும், அது வேறு. காரில் வந்தவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சிக்கல். மானியம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது ஆலை கட்டுகிறவருக்கு. 2022 நவம்பரில் வந்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில், நாள் ஒன்றுக்கு 4,800 கிலோ அழுத்தப்பட்ட எரிவாயு தயாரிக்கிற புது ஆலைக்கு 4 கோடி ரூபாய், ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 10 கோடி என்று வைத்தார்கள். மரத்தூளையும் சக்கையையும் அழுத்திக் கட்டையாக்குகிற எந்திரத்துக்கும் மத்திய நிதியுதவி உண்டு. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு ஐந்து சதவீதம், ஏழு சதவீதம் என்று பயிர்க்கழிவுக் கட்டைகளையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று உத்தரவும் இருக்கிறது. இவ்வளவிலும் தேடிப் பாருங்கள், உங்கள் பயிர்க் கணக்கான அடங்கலில் "யானைப்புல்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பணம் போடுகிற ஒரு வரி கிடைக்காது. ஆலைக்குக் கொடுத்தால் அவர் நல்ல விலை கொடுத்துப் புல்லை வாங்குவார், காசு வயலுக்குத் தானாக வந்துசேரும் என்பது கணக்கு. வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் விட்டாயிற்று, கடைமடைக்குத் தானே வந்துவிடும் என்று சொல்கிற மாதிரிதான். கடைமடைக்காரனுக்குத் தெரியும் அது எப்படி வரும் என்று.

நான் 27 வருஷம் வங்கியில் விவசாயக் கடன் பார்த்தவன். யாராவது 'மானியம்' என்றால் கை தானாகப் பேனாவைத் தேடும். வாருங்கள், அந்தப் புல்லையே ஒரு டன் எடுத்து எடை போட்டுப் பார்ப்போம்.

பச்சையாக அறுத்த யானைப்புல்லில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். ஒரு டன் அறுத்தால் 200 கிலோதான் சரக்கு, பாக்கி 800 கிலோ உங்கள் கிணற்றுத் தண்ணீர். அந்த ஒரு டன்னை ஆலையில் போட்டுப் புளிக்கவைத்துச் சுத்தம் செய்தால் 45 கிலோ வாயு வரும், நன்றாக நடக்கிற ஆலையில் 50. எண்ணெய் நிறுவனங்கள் 2018-ல் இந்த வாயுவைக் கிலோ 46 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று ஆரம்பித்தன. அப்புறம் விலையைக் கூட்டி, சிஎன்ஜி விலையோடு சேர்த்துக் கட்டினார்கள். நான் தாராளமாகவே கிலோ 70 ரூபாய் என்று வைக்கிறேன். 45 கிலோவுக்கு 3,150 ரூபாய். உங்களிடம் அந்த ஒரு டன் புல்லை அவர்கள் எடுக்கப்போகிற விலை 3,000 ரூபாய். மிச்சம் இருக்கிற 150 ரூபாயில் லாரி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, கரண்டு, ஆள் சம்பளம், வங்கி வட்டி, அதற்கு மேல் அந்தக் காருக்கு டீசல். எந்த ஆலைக்காரனும் இப்படி வியாபாரம் செய்ய மாட்டான், செய்தால் ஆறு மாதத்தில் பூட்டிவிடுவான்.

அப்படியானால் அவர்கள் எதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள்? கரணையை வைத்து. 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குப் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் கரணை வேண்டும். இரண்டரை ரூபாய் வீதம் 33,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 5,000, ஆக ஏக்கருக்கு 38,000. நாலு ஏக்கருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் உங்கள் கையை விட்டுப் போய்விடும், முதல் கட்டுப் புல் அறுக்கும் முன்னாலேயே. அதே கரணையை மாடு வைத்திருக்கிற உங்கள் சொக்காரர் யாரிடமாவது கேளுங்கள், "வெட்டிக்கோயேன் மாப்ளே" என்று சும்மாவே தருவார். ஒரு தடவை ஊன்றிவிட்டால் மறுதாம்பாக வந்துகொண்டே இருக்கிற பயிர் அது. அதன் கரணைக்கு இந்த விலை என்றால் நம் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

விளைச்சல் விஷயத்திலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ஏக்கருக்கு 140 டன் வரும், நாலு லட்சம் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 360 டன் என்று எழுதியிருப்பது உண்மை, வகுத்தால் ஏக்கருக்கு 145 டன் வரத்தான் செய்யும். ஆனால் அது வாரம் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர், ஒவ்வொரு அறுப்புக்கும் உரம், வருஷத்துக்கு ஏழு அறுப்பு என்று ஒரு நாள் தவறாமல் பார்த்த கணக்கு. நாங்குநேரி வட்டாரத்தில் சித்திரை வைகாசியில் உங்கள் போர் எத்தனை மணி நேரம் ஓடும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் நேரில் பார்த்த தோட்டங்களில் 70 டன் எடுத்தவரே கெட்டிக்காரர்.

இதையே ஆலைப் பக்கமிருந்து பாருங்கள். நாளுக்கு 4,800 கிலோ வாயுவுக்கு 107 டன் புல் வேண்டும், தினமும், தீபாவளி பொங்கல் பார்க்காமல். வருஷத்துக்கு 39,000 டன். ஏக்கருக்கு 70 டன் என்றால் 550 ஏக்கருக்கு மேல், எல்லாமே தண்ணீர் வசதியோடு, எல்லாமே ஆலையைச் சுற்றி இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். அதைத் தாண்டினால் லாரியில் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போகிற கதைதான். மூலைக்கரைப்பட்டியிலிருந்து களக்காடு போகிற வழி முழுக்கத் தேடினாலும் கோடையில் புல்லுக்கென்று ஒதுக்க 550 ஏக்கருக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிறவர் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்தையும் விட்டுவிட்டுப் புல் போடுவாரா? வைக்கோலைக்கூட அங்கே யாரும் சும்மா விடுவதில்லை, கட்டுக் கட்டாகக் கேரளத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

அடுத்தது மச்சினர் சொன்னது. அவர் சொன்னதும் பொய்யில்லை, ஆனால் பழைய கதை, பாதிக் கதை. இங்கிலாந்தில் 2000-ல் எரிசக்திப் பயிர்த் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், 2007-லிருந்து 2013 வரை இரண்டாம் சுற்றும் நடந்தது. வில்லோ மரக்கன்றுக்கும் மிஸ்காந்தஸ் என்ற புல்லுக்கும் நடவுச் செலவில் ஒரு பங்கு, இரண்டாம் சுற்றில் பாதி வரை அரசு கொடுத்தது. வருஷா வருஷம் வருகிற பணம் இல்லை, ஊன்றுகிற அன்றைக்கு ஒரு தடவை. அந்த மிஸ்காந்தஸை அங்கே யானைப்புல் என்றும் சொல்வார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெயர் ஒன்று, பயிர் வேறு. அது வருஷத்துக்கு ஒரே அறுப்பு, குளிர்காலம் முழுக்க நின்ற நிலையிலேயே காய்ந்து, இலை உதிர்ந்து, மூங்கில் குச்சி மாதிரி ஆன பிறகு அறுத்துக் கட்டி, அப்படியே உலையில் போடுகிற சரக்கு. தண்ணீர் பாய்ச்சுகிற வேலையே கிடையாது, மழை பார்த்துக்கொள்ளும். நம் யானைப்புல் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தடவை பச்சையாக அறுக்கிற தீவனப்புல். அந்த மானியத்தை இந்தப் புல்லோடு முடிச்சுப்போட்டுப் பேசினால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சுத்தான்.

அங்கேயும் எல்லாம் சுபமாக முடியவில்லை. யார்க்‌ஷயரில் எக்பரோ என்ற ஊரில் ஆர்ப்ரே என்று ஒரு மின்நிலையம் வருகிறது என்று நம்பிச் சுற்றுவட்டார விவசாயிகள் வில்லோ நட்டார்கள், மானியமும் வாங்கினார்கள். 2002-ல் அந்தக் கம்பெனி திவாலாகிவிட்டது. மரம் வயலில் நிற்கிறது, வாங்க ஆள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2004-லிருந்து எரிசக்திப் பயிருக்கு ஹெக்டேருக்கு 45 யூரோ கொடுத்துப் பார்த்தது, அன்றைய மதிப்பில் ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் சுற்றி. 2010-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2008 வேளாண் சட்டத்தில் ஒரு திட்டம் போட்டு, ஆலைக்கு விற்கிற ஒவ்வொரு உலர் டன்னுக்கும், ஆலை கொடுக்கிற விலைக்குச் சமமாக 45 டாலர் வரை அரசும் கொடுக்கும் என்றார்கள். புதுப் பயிர் வளரும் முன்னாலேயே, ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மரத்தூளையும் மரக்கழிவையும் கொண்டுவந்து கொட்டி அந்தப் பணத்தை அள்ளிவிட்டார்கள், பலகை செய்கிறவர்கள் எங்களுக்குத் தூள் கிடைக்கவில்லை என்று கத்த, 2010 தொடக்கத்திலேயே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. மச்சினரிடம் இதையும் சொல்லுங்கள், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் காட்டாமணக்கை மறந்துவிட்டீர்களா? 2003-ல் திட்டக் கமிஷன் குழு பயோடீசல் அறிக்கை கொடுத்ததிலிருந்து ஒரு அலை அடித்தது. தரிசு நிலத்தில் வளரும், ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் வேண்டாம், டீசல் கொட்டும் என்றார்கள். கன்றுக்கு மானியம், கடனுக்கு வங்கி. நானும் அந்த அலையில் நனைந்தவன்தான், மறைப்பதில் அர்த்தமில்லை. நான் அப்போது வேலை பார்த்த கிளையில் பதினொரு பேருக்குக் காட்டாமணக்குக் கடன் எழுதினேன், திட்ட அறிக்கையில் மூன்றாம் வருஷத்திலிருந்து செடிக்கு இத்தனை கிலோ என்று கம்பெனி அச்சடித்துக் கொடுத்ததை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட்டது என் கைதான். கன்றுக்கான பணம் விவசாயி கையைத் தொடவே இல்லை, நேராகக் கம்பெனிக் கணக்குக்குப் போனது. மூன்றாம் வருஷம் ஒருநாள் நாங்குநேரிப் பக்கம் ஒரு கொல்லைக்குப் போயிருந்தேன். இடுப்பு உயரச் செடி. ஒரே கொத்தில் ஒரு காய் பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று கறுத்துக் காய்ந்து வெடிக்கிறது. எல்லாம் ஒன்றாகப் பழுக்காததால் ஒரே செடிக்கு நாலு தடவை ஆள் விட வேண்டும். அந்த வீட்டு ஆச்சி காலையிலிருந்து பொறுக்கியதை உரச்சாக்கிலிருந்து தரையில் கொட்டிக் காட்டினார், சாக்கின் அடியில் ஒரு முழம்கூட இல்லை. "இந்தக் கூலிக்கு நான் பீடி சுத்துனா ரெண்டு பங்கு வரும் சார்" என்றார். கம்பெனி அதற்கு முன்பே போர்டைக் கழற்றிக்கொண்டு போயிருந்தது. மானியம் வந்ததா என்றால் வந்தது, கன்றுக் கணக்கில் கழிந்துவிட்டது. கடன் மட்டும் அந்தப் பதினொரு பேர் தலையில் நின்றது. அவர்களில் இரண்டு பேர் இப்போதும் என்னைக் கண்டால் வேட்டியை இறக்கிவிட்டு மரியாதையாக வணக்கம் சொல்கிறார்கள், எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சரி, உங்கள் ஆறு ஏக்கருக்கு வருவோம்.

உடைமரம் நிற்கிற இரண்டு ஏக்கரில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? திருநெல்வேலிச் சீமையில் ஒத்தை ரூபாய் மானியம் வாங்காமல் வளர்ந்த ஒரே எரிசக்திப் பயிர் அதுதான். விறகு, கரிமூட்டம், செங்கல் சூளை, உயிரிக்கழிவு மின்நிலையம் என்று வாங்குகிறவர் இன்றைக்கும் இருக்கிறார். விற்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள்: "மொத்தமா இவ்வளவு தாரேன்" என்று கண்மதிப்பில் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள், எடைமேடைச் சீட்டு கேளுங்கள். பச்சை மரத்தில் பாதிக்குப் பாதி ஈரம் இருக்கும், அதைச் சொல்லி விலையைக் குறைப்பார்கள், நியாயம்தான். ஆனால் உங்கள் வயலிலேயே வெட்டிப் போட்டு ஒரு மாதம் காய விட்டுவிட்டு, பிறகும் பச்சை விலையே கொடுப்பார்கள், அது நியாயமில்லை. வெட்டிவிட்டு அப்படியே விட்டால் மழைக்கு மறுபடி துளிர்த்துவிடும். அந்த இடத்தில் பயிர் வைக்கிற எண்ணம் இருந்தால் விறகுக் காசிலேயே ஜேசிபி விட்டுத் தூரோடு எடுத்துவிடுங்கள். எண்ணம் இல்லை என்றால் தூரை விட்டுவைத்து மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிக்கொள்ளலாம், ஊரில் ஏசுவார்கள், பக்கத்து வயல்காரர் சண்டைக்கும் வருவார், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நாலு ஏக்கரில் புல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் மாடு இருந்தால், அல்லது பக்கத்தில் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவர்கள் நாலு பேர் இருந்தால், கிணற்றடியில் ஒரு அரை ஏக்கர் போடுங்கள். அந்தப் புல்லைத் தின்கிற மாட்டை உங்களுக்குத் தெரியும், அது திவாலாகாது. வரப்பிலும் ஓரத்திலும் மரம் வைக்க ஆசை இருந்தால் வேளாண் விரிவாக்க மையத்தில் பசுமைப் போர்வைத் திட்டத்தில் தேக்கு, வேங்கை, மகோகனிக் கன்று இலவசமாகக் கொடுக்கிறார்களா என்று உழவன் செயலியில் பதிந்து கேளுங்கள், உயிரோடு நிற்கிற கன்றுக்கு வருஷம் 7 ரூபாய் வீதம் மூன்று வருஷத்துக்கு ஊக்கத்தொகையும் அதில் உண்டு. பெரிய பணம் இல்லைதான், ஆனால் நிஜப் பணம்.

இதைவிடப் பெரிய மானியம் ஒன்று உங்கள் கண்முன்னாலேயே இருக்கிறது, சொட்டு நீர். சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீதம், மற்றவர்களுக்கு 75. சிறு விவசாயி என்றால் ஐந்து ஏக்கருக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு ஆறு. ஆனால் கடிதத்தில், "அம்மா பேர்ல ரெண்டு ஏக்கர் தனிப் பட்டாவா இருக்கு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் பேரில் நாலுதான் என்றால் தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கிக்கொண்டு தோட்டக்கலைத் துறைக்குப் போங்கள். சொட்டு நீர் போட்டால் இருக்கிற கிணற்றுத் தண்ணீரிலேயே ஒன்றரை ஏக்கர் காய்கறியோ, கொஞ்சம் வாழையோ தாங்கும்.

காரில் வந்தவர்கள் திரும்ப வந்தால் சண்டை போட வேண்டாம். ஆலை எந்தச் சர்வே நம்பரில் வருகிறது, எந்த எண்ணெய் நிறுவனத்தோடு வாயு விற்க ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, அந்தக் காகிதம் எங்கே என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2019-லிருந்து ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் இருக்கிறது, அதன்படி வேளாண் விற்பனைத் துறை அலுவலரிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வருவீர்களா என்று கேளுங்கள். கரணையை நீங்கள் கடனாகக் கொடுங்கள், முதல் அறுப்பில் கழித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே மணி பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றுக்கும் காகிதம் காட்டினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நானே நேரில் வந்து பார்க்கிறேன், நல்ல ஆலை ஒன்று இந்தப் பக்கம் வந்தால் சந்தோஷம்தான்.

கடைசியாக, கடிதத்தின் முடிவில் ஒரு வரி இருந்தது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பட்டா நகல், ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் கொடுத்துட்டேன், ரெண்டு பாரத்துல கையெழுத்தும் போட்டேன்." என்ன பாரம் என்று எழுதவில்லை. நாளைக்கே உங்கள் வங்கிக்குப் போய், உங்கள் பேரில் புதிதாக ஏதாவது கடன் விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள், சிபில் அறிக்கை ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். அப்படியே சார்பதிவாளர் அலுவலகத்தில், அல்லது ஆன்லைனிலேயே, நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அம்மா பேரில் இருக்கிற இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து. கையெழுத்துப் போட்ட பாரத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பாரத்தில் வெற்றிடம் விட்டு வாங்கினார்களா, பூர்த்தி செய்து வாங்கினார்களா என்பதை எனக்கு உடனே எழுதுங்கள்.